ஒன்றேகால் அங்குலம்

வளைந்த ஊசி ரெக்சினின் ஓரத்தில் நுழைந்து, உள்ளே மடிந்திருந்த துணிப்பட்டையைக் கவ்விக்கொண்டு, அரை விரல் தள்ளி வெளியே வந்தது. இடது கைப் பெருவிரல் நுரையை அமுக்கிப் பிடித்திருந்தது. வலது கை நூலை இழுத்து, இழுத்த இழுப்பிலேயே ஒரு நொடி நிறுத்தி, பிறகுதான் தளர்த்தியது. அந்த ஒரு நொடியைக் கொடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் தையல் வாய் பிளந்துவிடும். பேருந்து ஓட்டுநர் ஒருவரின் இருக்கை அது. வலப்பக்கம் மட்டும் குழி விழுந்து வந்திருந்தது. உட்காருகிறவர் இடது இடுப்பில் பாரம் போட பயப்படுகிறார் என்பதை முதல் தடவலிலேயே அந்தக் கைகள் கண்டுகொண்டன. வலப்பக்கம் கெட்டி நுரையும் இடப்பக்கம் மென்நுரையுமாக வெட்டிப் பொருத்தியாகிவிட்டது. இப்போது மூடித் தைப்பதுதான் மிச்சம்.

ஓட்டுநர் வந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

“மாஸ்டர், எனக்கு இடுப்பு வலின்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. உங்களுக்கு யார் சொன்னா?”

“உங்க சீட்டுதான். ரொம்ப நாளா பொலம்பிக்கிட்டு இருந்திருக்கு, நீங்கதான் காதுல வாங்கல.”

பட்டறையில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபது வயதில் சாக்குத் தைக்கும் வேலையில் இருந்தபோது, குப்பையில் கிடந்த ஒரு காரின் இருக்கையை வீட்டுக்குத் தூக்கிவந்தார். ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, பின்பக்கம் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, வரிசைப்படி திரும்பத் தைத்தார். தைத்ததைப் பார்த்தார். கோணல். மறுபடி பிரித்தார். அந்த ஒரே இருக்கையைப் பதினோரு முறை பிரித்துத் தைத்த பிறகுதான் பட்டறை வாசலில் போய் வேலை கேட்டார். இருபத்தைந்து வருடங்களாகத் தொழிலில் அவரிடம் மாறாமல் இருந்த ஒரு வழக்கம், அளவு எடுக்கும் முறை. யாருக்கு அளவெடுத்தாலும், “நல்லா தளர்ந்து உக்காருங்க. வீட்டுல சோபாவுல சரிஞ்சு கெடப்பீங்கல்ல, அப்படி” என்பார். விறைப்பாக உட்கார்ந்தவருக்கு எடுத்த அளவு பொய்யளவு என்பது அவர் தாமாகக் கண்டுபிடித்த பாடம்.

அவருக்கு ஒரே மகள். பதினாறு வயது. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது இடுப்புக்குக் கீழே இருந்த அசைவையும் உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போனது. முதுகும் தானாக நிற்காது. வெளியே போகும்போது மார்பிலிருந்து இடுப்புவரை ஒரு கெட்டியான பட்டையைச் சட்டைக்குள்ளே இறுக்கிக் கட்டிவிடுவாள் அம்மா. அதைக் கட்டினால் மகள் சக்கர நாற்காலியில் கம்பு நட்டதுபோல் நிமிர்ந்திருப்பாள். கட்டி அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆகும், கதவையும் சாத்த வேண்டும்.

பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலையில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கி டாக்ஸியில் வைப்பார்கள். நாற்காலியை மடித்துப் பின்னால் போடுவார்கள். பள்ளி வாசலில் மறுபடி தூக்கல். பத்து வருடங்களாக இப்படித்தான். போன வருடம் அம்மாவின் முதுகு பிசகியது. ஓட்டலில் பாத்திரம் தேய்க்கும் வேலையையே உட்கார்ந்து செய்யும் நிலை. அதற்குப் பிறகு அம்மாவின் பக்கத்தை டாக்ஸி ஓட்டுநர் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். மரியாதையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் தூக்குவார்.

ஒரு நாள் மழை. பள்ளி வாசலில் தூக்கும்போது அவருடைய கை வழுக்கியது. அவளுடைய பாவாடை டாக்ஸிக் கதவில் மாட்டிக்கொண்டது. ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. வாசலில் வகுப்புத் தோழர்கள் இருபது பேர் இருந்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். ஒரு மாணவி ஓடிவந்து செருப்பை எடுத்துக் கழுவிக்கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்.

“அப்பா, இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்.”

“தூக்காம எப்படிம்மா பாப்பா…”

“பதினாறு வயசு. பாப்பாவாம். நாற்காலியோட உள்ள போற மாதிரி வண்டி இருந்தா போறேன். இல்லேன்னா போகல.”

“லேப் எல்லாம் இருக்கே உனக்கு.”

“அதனாலதான் அழுகையா வருது. இல்லேன்னா எப்பவோ நின்னிருப்பேன்.”

அவளுக்கு வேதியியல் என்றால் உயிர். சோதனைக்கூடத்தில் அவள் உயரத்துக்குத் தாழ்வான ஒரு மேசையை ஆசிரியை தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். தலைமையாசிரியையும் நல்லவர். ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. அடுத்த பருவம் தொடங்கும் திங்கட்கிழமைக்குள் மகள் வகுப்புக்கு வர வேண்டும். வராவிட்டால் பெயர் வீட்டுப் படிப்புப் பட்டியலுக்கு மாறும். வீட்டுப் படிப்பில் வரலாறு உண்டு, மொழி உண்டு. சோதனைக்கூடம் தேவைப்படும் எந்தப் பாடமும் கிடையாது. நான்கு மாதம் இருந்தது.

மாஸ்டர் முதலில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனார். நாற்காலியை அப்படியே ஏற்றி இறக்கும் வண்டி அங்கே ஒன்று இருந்தது. அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். முன்பக்க அறையில் இருந்த பெண் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கி, மூன்று முத்திரை குத்தி, ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

“நாப்பத்தி மூணு” என்று மாஸ்டர் படித்தார். “இன்னிக்கு வந்ததுல நாப்பத்தி மூணாவது ஆளா நான்?”

“இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் சார் வந்திருக்கீங்க. அது வரிசை எண். ஊருக்கே ஒரு வண்டிதான். அது அஞ்சு பேரை ஏத்தி இறக்குது. அதுல ஒருத்தர் வேணாம்னு சொன்னா வரிசையில முதல் ஆளுக்கு இடம்.”

“போன வருஷம் எத்தனை பேர் வேணாம்னு சொன்னாங்க?”

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். “ரெண்டு பேர். ஒருத்தர் படிப்பு முடிஞ்சுது. இன்னொருத்தர்… இன்னொருத்தர் இல்ல இப்போ.”

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருடத்துக்கு இரண்டு பேர் என்றால் மகளுக்கு முப்பத்தேழு வயதாகும்போது முறை வரும். அதுவும் யாராவது செத்தால்.

“நாலு மாசத்துல வேணும்மா.”

“சார், எனக்கு இருக்கற அதிகாரம் இந்த முத்திரை மட்டும்தான். அதை மூணு தடவை குத்திட்டேன். நாலாவது தடவை குத்தினா வண்டி வரும்னா இப்பவே குத்தறேன்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முத்திரையைக் கையில் எடுத்தே காட்டினார். மாஸ்டருக்குக் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அடுத்து புது வண்டி விற்கும் காட்சிக்கூடத்துக்குப் போனார். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் வழுவழுப்பான புத்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பொத்தானை அழுத்தினால் தளம் கீழே இறங்குகிறது, நாற்காலி ஏறுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. விலையைக் கேட்ட மாஸ்டர் புத்தகத்தை மெதுவாக மூடி, அதன் அட்டையைத் தடவினார். “அட்டை நல்ல தாள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பட்டறையின் பின்பக்கத்தில் ஒரு பழைய வேன் கிடந்தது. ரொட்டி விநியோகம் செய்த வண்டி. ரொட்டி நிறுவனம் பழுது பார்க்க விட்டுவிட்டுத் திரும்பி வரவே இல்லை; கடைசியில் அது முதலாளியின் பெயருக்கே மாறியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு மாஸ்டர் அதன் பின்கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே இன்னும் ரொட்டி வாசனை இருந்தது. வெல்டர் வந்து பக்கத்தில் நின்றான். மாஸ்டரைவிட பன்னிரண்டு வயது இளையவன். வாய் ஓயாதவன்.

“என்ன மாஸ்டர், ரொட்டி பாக்கி இருக்கான்னு பாக்கறீங்களா?”

“இதுக்கு ஒரு சாய்ப்பலகை வச்சா எப்படி இருக்கும்?”

வெல்டர் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான்.

“மடக்குற மாதிரி செய்வோம். ரெண்டு கீல். நான் செய்யறேன். ஆனா ஒண்ணு, மேடம் முதல் சவாரியில எனக்கு முன் சீட்டு வேணும்.”

மகளை அவன் மேடம் என்றுதான் சொல்வான். முதலாளியும் பெரிய மனது பண்ணினார். “எடுத்துக்கோங்க மாஸ்டர். வேலை செஞ்சு கழிச்சுக்கலாம். ஆனா பட்டறை வேலை கெடக்கூடாது” என்றார். அது கெடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும், வார நாட்களில் மத்தியான இடைவேளைகளும் அந்த வேனுக்குள் போயின.

மகளுக்கு அளவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலையில். வீட்டின் முன்னறை. பள்ளிக்குப் போகாததால் அவள் பட்டை கட்டாமல் தளர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். டேப்பைப் பார்த்ததும் கைகளை ஊன்றி நிமிரப் பார்த்தாள்.

“அப்படியே இரும்மா. தளர்ந்தே இரு” என்றார் அப்பா. “வீட்டுல இருக்கற மாதிரி.”

“வீட்டுலதானேப்பா இருக்கேன்.”

“ஆமா. அதான் நல்ல அளவு.”

முதுகுச் சாய்வு, தொடை நீளம், தோளகலம் எல்லாம் எடுத்தார். கடைசியாக ஓர் அடிக்கோலை உச்சந்தலையில் கிடையாக வைத்து, தரையிலிருந்து அதுவரை டேப்பைப் பிடித்தார். ஐம்பது அங்குலம். வேனின் பின்கதவு வழி, தரைப்பலகை போட்ட பிறகு, ஐம்பத்தொன்றரை. தலைக்கு மேல் ஒன்றரை அங்குலம் இடம் இருக்கிறது. அவர் இரண்டையும் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி, அடியில் கோடு போட்டார்.

மூன்று மாதம் வேலை நடந்தது. வெல்டர் சாய்ப்பலகையை இரண்டாக மடியும்படி செய்து, மேலே வழுக்காத முள்தகடு ஒட்டினான். நாற்காலி நகராதிருக்க தரையில் நான்கு கொக்கிகள் பதித்தான். மாஸ்டர் நான்கு பெல்ட் தைத்தார். அவளுக்கு எங்கே உரசினாலும் தெரியாது என்பதால் பெல்ட்டின் உட்பக்கம் முழுக்க மென்நுரை வைத்து, தையல் முடிச்சு ஒன்றுகூட மேலே தட்டுப்படாதபடி தைத்தார். தைத்துவிட்டுத் தம் முன்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். சிவந்தால் பிரிப்பார். பக்கச் சுவருக்கு மெத்தை, ஓட்டுநர் இருக்கைக்கு மெத்தை, கூட வருகிறவர் உட்கார ஒரு மடக்கு இருக்கை. தகுதிச் சான்று கொடுக்கும் பரிசோதகர் வந்து, பலகையில் ஏறி இறங்கி, கொக்கிகளை உதைத்துப் பார்த்துவிட்டு, “யார்யா இந்த பெல்ட் தச்சது? என் கார்ல இருக்கறதவிட நல்லா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.

பருவம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வெல்டர் வேனை வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்தான். கழுவித் துடைத்திருந்தான். அவனும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். அம்மா மகளுக்குப் பட்டை கட்டி, தலை சீவி, பள்ளிச் சீருடையே போட்டுவிட்டாள். “ஒத்திகைன்னா முழுசா இருக்கணும்” என்றாள் மகள்.

சாய்ப்பலகை இறங்கியது. மாஸ்டர் நாற்காலியைத் தள்ளினார். கனமாக இருந்தது, ஆனாலும் ஏறியது. முன்சக்கரங்கள் உள்ளே போயின. பெரிய சக்கரங்கள் விளிம்பைத் தொட்டன. “டங்” என்று ஒரு சின்னச் சத்தம்.

“அப்பா, நெத்தி” என்றாள் மகள்.

அவர் பின்னால் இழுத்தார். மறுபடி மெல்லத் தள்ளினார். அவளுடைய நெற்றியின் மேற்பகுதி கதவின் மேல்சட்டத்தில் போய் நின்றது. அவர் நாற்காலியை இறக்கி, பிரேக் போட்டு, டேப்பை எடுத்தார். உச்சந்தலை வரை ஐம்பத்திரண்டே முக்கால். டேப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். ஐம்பத்திரண்டே முக்கால். பட்டை கட்டிய முதுகு நிமிர்ந்து நின்றதில் இரண்டே முக்கால் அங்குலம் கூடியிருந்தது. கதவுக்கு ஒன்றேகால் அங்குலம் அதிகம்.

இருக்கைக்கு அவர் எடுத்தது சரியான அளவு. கதவுக்குத்தான் அது பொய்யளவு. இருபத்தைந்து வருடமாக எத்தனையோ பேருக்குச் சொன்ன ஒரு வார்த்தையை மகளுக்கும் சொல்லி, மூன்று மாத வேலையை அதன் மேல் கட்டியிருந்தார்.

“கொஞ்சம் குனியேன்மா” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மகள் அவரையே பார்த்தாள். “பட்டையோட எப்படிப்பா குனிவேன்?”

“தலையை மட்டும்…”

அவள் முயன்றாள். முகவாய் பட்டையின் மேல்விளிம்பில் இடித்தது. அரை அங்குலம் குறைந்திருக்கும்.

“நாற்காலியைப் பின்னால சாய்ச்சு ஏத்துவோம் மாஸ்டர்” என்றான் வெல்டர். “நீங்க கைப்பிடி, நான் முன்னால.”

சாய்த்தார்கள். மகளின் கால்கள் மேலே எழுந்தன, முகம் வானத்தைப் பார்த்தது. சரிவில் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது மாஸ்டரின் கால் பலகையின் ஓரத்தில் புரண்டது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகள் கைநீட்டிக் கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். வெல்டர் முட்டி போட்டுத் தாங்கினான். அவனுடைய இஸ்திரிச் சட்டை தோளில் கிழிந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ “ஐயோ” என்றார்கள்.

மெல்லக் கீழே இறக்கினார்கள்.

“இதுக்கு என்னைத் தூக்கிட்டே போயிருக்கலாம்” என்றாள் மகள். பிறகு வெல்டரைப் பார்த்து, “மாமா, சட்டை போச்சே” என்றாள்.

“போனா போகுது மேடம். என் பொண்டாட்டி கேட்டா வேன் கடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கறேன்.”

அவள் சிரித்தாள். மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. டேப்பைச் சுற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் வெல்டர் மேல்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். “இதுதான் மாஸ்டர் இந்த வண்டியோட முதுகெலும்பு. இதுல கைவச்சா கூரை ஒரு பக்கம் போகும், சுவர் ஒரு பக்கம் போகும்.” பரிசோதகரைக் கேட்டதற்கு அவரும் அதையே சொன்னார். மேல்சட்டத்தில் வெட்டு விழுந்தால் சான்று கிடையாது. கூரையையே உயர்த்தித் தரும் தொழிற்சாலை வேறோர் ஊரில் இருந்தது. அவர்கள் சொன்ன விலைக்கு இன்னொரு வேன் வாங்கலாம். பட்டையைப் பள்ளியில் போய்க் கட்டலாம் என்றால் அவளைத் தூக்கிப் படுக்கவைத்துத்தான் கட்ட முடியும். தரையைத் தாழ்த்தலாம் என்றால் அடியில் எண்ணெய்த் தொட்டியும் அச்சும் இருந்தன. தரைப்பலகையை எடுத்துவிட்டுத் தகட்டின் மேலேயே கொக்கி வைத்தால் அரை அங்குலம் கிடைக்கும். மிச்சம் முக்கால்.

மாஸ்டர் இரண்டு நாள் யோசித்தார். முக்கால் அங்குலம் நாற்காலி மெத்தையில் இருந்தது. அந்த மெத்தையைச் செய்ததும் அவர்தான். மூன்று அங்குல உயரம், மூன்று வித நுரை. மகளுக்குப் பதினான்கு வயதில் உட்கார்ந்த இடத்தில் புண் வந்து, மூன்று மாதம் குப்புறப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு மருத்துவர் சொன்ன அளவு அது; இதற்குக் கீழே போகக்கூடாது என்றிருந்தார்.

மாஸ்டர் அதற்கும் கீழே போனார். இரண்டேகால் அங்குலத்தில் ஒரு மெத்தை செய்தார். அடியில் மிகக் கெட்டியான நுரை, நடுவில் குழிவு, மேலே கைக்கு எட்டியவற்றிலேயே மிக மென்மையானது. தாம் செய்தவற்றிலேயே நல்ல வேலை அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் வைத்து மகளை மூன்று மணி நேரம் உட்காரச் சொன்னார். பள்ளி நேரத்தில் பாதிகூட இல்லை. அவள் படித்தாள், அவர் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படிம்மா இருக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும்ப்பா? நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கு.”

மூன்று மணி நேரம் கழித்து அம்மா அவளை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வர நேரமாயிற்று. வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

“வேணாங்க.”

“சிவப்பா இருக்கா?”

“உள்ளங்கை அளவு. அமுக்கினாலும் வெளுக்கல.”

“இன்னும் கொஞ்சம் மாத்திப் பாத்தா… நடுவுல…”

“அவ உடம்புல சோதிச்சுப் பாக்காதீங்க” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. “மறுபடி மூணு மாசம் குப்புறப் போட்டு வைக்க என்னால முடியாது. உங்களாலயும் முடியாது.”

அவர் எழுந்து நாற்காலியில் பழைய மெத்தையைப் போட்டார். புதியதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தார். எந்த இருக்கையைத் தொட்டாலும் உட்காருகிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லும் கைகள், பெற்ற மகளுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவான நுரையில் வழி செய்ய முடியாமல் சும்மா கிடந்தன.

அடுத்த சில நாட்களில் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் வண்டி கேட்டார். மருத்துவமனையில் கேட்டார், நோயாளிக்குத்தான் என்றார்கள். மகள் நோயாளி இல்லை. அலுவலகத்துக்கு மறுபடி போனார். எழுத்தர் அவரைக் கண்டதும் தாமாகவே பதிவேட்டைப் பார்த்து, “நாப்பத்தி ரெண்டு ஆயிருக்கு சார்” என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. அவரும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வந்தது, போனது. புதன்கிழமை தலைமையாசிரியையே வீட்டுக்கு வந்து படிவத்தைக் கொடுத்தார். கூடவே வேதியியல் ஆசிரியையும் வந்திருந்தார். அவர் உள்ளே வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் பாடங்களை மகளேதான் நிரப்பினாள். வரலாறு, புவியியல், மொழி. பேனாவை மூடிவிட்டு, “டீச்சர், அந்தக் குட்டை மேசையை எடுத்துடாதீங்க. யாராவது வருவாங்க” என்றாள். ஆசிரியை தலையாட்டினார். வாசல் தாண்டிய பிறகுதான் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

வேன் பட்டறையின் முன்பக்கத்தில் நின்றது. முதலாளி ஒரு மாதம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், “மாஸ்டர், ஒருத்தங்க கேக்கறாங்க. உங்க வண்டி, நீங்க சொல்றதுதான். ஆனா எனக்கும் இடம் வேண்டியிருக்கு” என்றார்.

கேட்டவர் ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையம் நடத்துகிற அம்மாள். துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்க இப்படிச் சாய்ப்பலகை வைத்த வேனைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். தள்ளுவண்டியின் உயரம் நாற்பது அங்குலம்.

மாஸ்டர் அன்று வீட்டில் விஷயத்தைச் சொல்லத் தயங்கித் தயங்கிக் கடைசியில் சொன்னார். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“குடுத்துடுங்கப்பா. சும்மா நின்னா துருப்பிடிக்கும். ஓடட்டும்.”

“வேற ஏதாவது வழி வந்தா…”

“வந்தா அப்போ பாப்போம். அதுவரைக்கும் ஒரு வேனை வாசல்ல கட்டிப்போட்டு தீவனம் வைக்க முடியாது.”

சலவை நிலையத்து அம்மாள் கேட்டது ஒரே ஒரு மாற்றம். ஓட்டுநர் இருக்கை தமக்கு ஏற்றபடி வேண்டும், அவர்தான் ஓட்டுகிறவர். குட்டையான, கனத்த மனுஷி. மாஸ்டர் டேப்போடு பக்கத்தில் போனார். வழக்கமான வார்த்தை வாய் வரை வந்தது.

“உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி உக்காருங்கம்மா” என்றார். பிறகு, “வண்டி ஓட்டும்போது நிமிர்ந்து உக்காருவீங்களா, சரிஞ்சா?” என்று கேட்டார்.

“சரிஞ்சா ரோடு எப்படித் தெரியும் தம்பி? கழுத்தை நீட்டிக்கிட்டுத்தான் ஓட்டுவேன்.”

அவர் இரண்டு அளவும் எடுத்தார். இரண்டையும் எழுதிக்கொண்டார். நான்கு நாள் வேலை. இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்தி, முன்விளிம்பை உருட்டி, இடுப்புக்குப் பின்னால் திண்டு வைத்துத் தைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் காலியான தள்ளுவண்டி ஒன்றோடு வந்தார். வெல்டர் சாய்ப்பலகையை இறக்கினான். தள்ளுவண்டி ஒரே தள்ளலில் உள்ளே போய் நின்றது.

“அடேங்கப்பா!” என்றார் அந்த அம்மாள். “வெண்ணெய் மாதிரி போகுதே. இந்த பெல்ட்டு எதுக்கு தம்பி?”

“நகராம பிடிக்க. முதல்ல பின்னாடி ரெண்டையும் மாட்டணும். அப்புறம் முன்னாடி. மாத்தி மாட்டினா திருப்பத்துல சாயும்.”

அவர் முட்டி போட்டு, ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக் காட்டினார். பெல்ட்டை இழுத்து, இழுத்த இழுப்பில் ஒரு நொடி நிறுத்தி, பூட்டினார். அந்த அம்மாள் குனிந்து பெல்ட்டின் உட்பக்கத்தை விரல்களால் அமுக்கிப் பார்த்தார்.

“உள்ள மெத்தை எல்லாம் வச்சிருக்கீங்க?”

“உரசாம இருக்கும்.”

“அழுக்குத் துணிக்கு என்ன உரசல்!” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாஸ்டரும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். வெல்டர் பட்டறைக்குள் போய்விட்டான்.

அந்த அம்மாள் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, இடமும் வலமும் அசைந்து, கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. கைராசிக்காரர்தான்” என்றார்.

“பலகையை மடக்கும்போது கீல்ல விரல் மாட்டும். பாத்துக்கோங்க. மாசம் ஒரு தடவை ரெண்டு சொட்டு எண்ணெய். மேடு பள்ளத்துல மெதுவா போங்க, பின்னாடி…”

“பின்னாடி என்ன?”

“ஒண்ணுமில்ல. மெதுவா போனா கொக்கிக்கு நல்லது.”

மாஸ்டர் பைக்குள் கையை விட்டு இரண்டு சாவிகளையும் எடுத்தார். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று பின்கதவுக்கு. சன்னலுக்குள் நீட்டிய அந்த அம்மாளின் உள்ளங்கையில் இரண்டையும் வைத்தார்.